வெற்றி வாகை சூடிய வீராங்கனைகள்

விளையாட்டு என்பது ஓய்வு நேரத்தைப் போக்குவதற்கு மட்டுமே உரியது என்றும், அதுவும் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்றும் எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. தமிழ்ப்பள்ளியில் பயிலும் வரை நம் பெண்பிள்ளைகள் ஓடுகின்றனர், தாண்டுகின்றனர், பரிசுக் கிண்ணங்களையும் வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். இடைநிலைப் பள்ளியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனதும் அவர்களுள் பலர் திடலிலிருந்து மறைந்துவிடுகின்றனர். திறமை குறைந்துவிட்டதா என்றால் இல்லை. "வயது வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்னும் ஒரு கேள்வியே அவர்களை வீட்டோடு நிறுத்திவிடுகிறது.

பாசிர் கூடாங், மாசாய், உலு திராம் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் பெற்றோரும் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. இதற்கு விடை கூறும் முகத்தான், பல்வேறு விளையாட்டுகளில் உலகறியப் புகழ்பெற்ற பெண்மணிகள் சிலரின் வரலாற்றை இங்கு ஆராய்வோம். அவர்கள் பெற்ற பதக்கங்களை எண்ணிப் பார்ப்பது மட்டும் நம் நோக்கமன்று. அவர்கள் திடலில் நிலைத்து நிற்பதற்கு வீட்டாரும் பள்ளியும் எவ்வாறு துணை நின்றனர் என்பதை அறிந்துகொள்வதே முதன்மையான நோக்கமாகும்.

பெண்களுக்கு மூடப்பட்டிருந்த கதவு

பெண்ணின் உடல் விளையாட்டைத் தாங்காது என்னும் எண்ணம் நம் தோட்டங்களில் மட்டும் தோன்றியதன்று. நாகரிகத்தில் முன்னேறியதாகக் கருதப்பட்ட நாடுகளும் அவ்வாறே எண்ணின. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டியில் ஒரு பெண்கூடப் பங்கு பெறவில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டென்னிஸ், கோல்ஃப் முதலிய சில விளையாட்டுகளில் மட்டும் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். ஓட்டப்பந்தயங்களில் ஓட அவர்கள் 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் போட்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கும் ஒரு தடை எழுந்தது. 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் பெண்கள் சிலர் களைத்துப் போனதைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன் விளைவாக அவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 32 ஆண்டுகளுக்குப் பின்னர் 1960-ஆம் ஆண்டில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆண்களும் ஓட்டம் முடிந்ததும் களைத்துச் சாய்வதுண்டு. அதற்காக அவர்களுடைய ஓட்டத்தை எவரும் நிறுத்தவில்லை. பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் 1964-இலும், மரதன் ஓட்டம் 1984-இலும், குத்துச்சண்டை 2012-இலும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. கதவு முழுமையாகத் திறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பெண்ணின் உடல் வலிமையற்றது என்பதை ரப்பர் தோட்டத்தில் வாழும் நாம் எவ்வாறு நம்ப இயலும்? பொழுது புலரும் முன்னரே பெரட்டுக்குச் சென்று, ஏறத்தாழ 500 மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, பின்னர் பால் நிறைந்த வாளிகளைச் சுமந்து வந்தவர்கள் நம் தாய்மார்கள். அத்தகைய தாயின் மகளால் திடலை ஒரு சுற்று ஓட இயலாது என்பது பொருந்தாத கூற்றாகும்.

நம் நாட்டின் முன்னோடி ராஜாமணி

அந்த ஒரு சுற்று ஓட்டத்தில்தான் மலேசியத் தமிழ்ப் பெண்ணொருவர் வரலாறு படைத்தார். முறையான ஓடுதிடலின் ஒரு சுற்று 400 மீட்டராகும். 1964-ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடைபெற்றபோது, மலேசியாவின் சார்பில் ஓடியவர் எம். ராஜாமணி. பேராக் மாநிலத்தைச் சேர்ந்த அவருக்கு அங்குப் பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் அவர் ஓட்டத்தைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 1966-ஆம் ஆண்டு பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்று ஆசியாவிலேயே முதல்வராகத் திகழ்ந்தார்.

அதே 1966-ஆம் ஆண்டில், நாட்டின் சிறந்த விளையாட்டாளர்களுக்கான தேசிய விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. பெண்கள் பிரிவில் அவ்விருதைப் பெற்ற முதல்வர் ராஜாமணியே ஆவார். பெண்கள் ஒரு சுற்று ஓடலாமா கூடாதா என்று உலகமே வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், நம் இனத்துப் பெண்ணொருவர் ஓடிக் காட்டினார் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

பெற்றோர் ஓடிய தடத்தில் மகள்

ராஜாமணி ஓடிய அதே 400 மீட்டர் ஓட்டத்தில் இக்காலத்தில் பெயர் பெற்றவர் ஷெரின் சாம்சன் வல்லபோய். அவருடைய தந்தையார் சாம்சன் வல்லபோய், தாயார் ஜோசபின் மேரி ஆகிய இருவரும் நாட்டிற்காக ஓடியவர்கள். பெண்களுக்கான 400 மீட்டர் தேசியச் சாதனை 1993-ஆம் ஆண்டிலிருந்து முறியடிக்கப்படாமல் இருந்தது. 29 ஆண்டுகள் நிலைத்திருந்த அச்சாதனையை ஷெரின் 2022-ஆம் ஆண்டில் முறியடித்தார். அவ்வாண்டில் அவர் ஓடிய நேரம் 51.80 விநாடியாகும்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர் அச்சாதனையைப் புரிந்தபோது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவியாக இருந்தார். விளையாடினால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதுவே தக்க மறுமொழியாகும். நேரத்தை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் படிப்பும் பயிற்சியும் ஒன்றற்கொன்று பகையாவதில்லை.

நிக்கோலும் சிவசங்கரியும்

ஓட்டத்திற்கு அடுத்து, சுவரில் பந்தை அடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆட்டத்தைக் காண்போம். இவ்வாட்டத்தில் உலகமே வியந்து நோக்கியவர் பினாங்கில் 1983-ஆம் ஆண்டு பிறந்த நிக்கோல் டேவிட். தந்தையார் இந்திய வம்சாவளியினர், தாயார் சீனர். ஐந்து வயதில் மட்டையைப் பிடித்த நிக்கோல், 1998-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. அதன்பின் உலகப் பட்டத்தை எட்டு முறை வென்றார். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் 2015-ஆம் ஆண்டு வரை, தொடர்ந்து 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். 2019-ஆம் ஆண்டில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

நிக்கோலின் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் ஸ்குவாஷ் ஆட்டக்காரர்களே. மூன்று பெண்மக்களையும் பயிற்சிக்கு அனுப்பிய குடும்பம் அது. அவர்களுக்கு வசதி இருந்தது என்று சிலர் கூறலாம். வசதி துணை செய்யும் என்பது உண்மையே. ஆயினும் வசதியுள்ள வீடுகள் எத்தனையோ இருக்க, பெண்மக்களை நாள்தோறும் பயிற்சிக்கு அனுப்பும் வீடுகள் சிலவே என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிக்கோல் விட்டுச் சென்ற இடத்தை நோக்கி முன்னேறியவர்களுள் ஒருவர் கெடா மாநிலத்தைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிகழ்ந்த வாகன விபத்தில் அவர் படுகாயமுற்றார். சில வாரங்களில் தொடங்கவிருந்த பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அவரால் கலந்துகொள்ள இயலவில்லை. மீண்டும் ஆடுவாரா என்று பலரும் ஐயுற்றனர். ஆனால் அவர் படிப்படியாக உடல்நலம் தேறி, மீண்டும் பயிற்சியில் இறங்கினார். 2023-ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோவ் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். 2024-ஆம் ஆண்டில் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் கைப்பற்றினார்.

பூப்பந்து ஆட்டத்தில் தீனா முரளிதரனின் பெயரும் நம் நாட்டு மக்களுக்கு நன்கு அறிமுகமானதே. அவரும் பெர்லி டானும் இணைந்து ஆடி, 2022-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியில் மகளிர் இரட்டையர் தங்கத்தை வென்றனர். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும், 2025-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் இரண்டாம் இடமும் பெற்றனர். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இரு பெண்கள் ஒரே சட்டை அணிந்து, ஒருவரையொருவர் நம்பி ஆடும் காட்சி நம் நாட்டிற்கே உரிய சிறப்பாகும்.

பி.டி. உஷாவும் உணவின் சிறப்பும்

திறமை மட்டும் இருந்தால் போதுமா? உடலுக்கு ஏற்ற உணவும் வேண்டும் என்பதை நமக்கு உணர்த்துவது பி.டி. உஷாவின் வரலாறு. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்துப் பையோலி என்னும் ஊரைச் சேர்ந்தவர் அவர். வறிய குடும்பத்தில் வளர்ந்த அவரை, கண்ணூரில் 1976-ஆம் ஆண்டு பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட அரசு விளையாட்டுப் பிரிவு ஏற்றுக்கொண்டது. மாதம் 250 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பயிற்றுநர் ஓ.எம். நம்பியார் அவருடைய திறனைக் கண்டு வளர்த்தார்.

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் உஷா நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. அங்கு வழங்கப்பட்ட உணவு தமக்கு ஒத்துவராததால் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓட நேர்ந்தது என்றும், சத்துக் குறைவு ஓட்டத்தின் இறுதிப் பகுதியில் தம்மைத் தளர்த்தியது என்றும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். எனினும் அவர் மனம் சோர்ந்துவிடவில்லை. 1986-ஆம் ஆண்டு சோல் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

வளரும் பெண்பிள்ளைக்குச் சோறும் குழம்பும் மட்டும் போதா. நெத்திலி, முட்டை, பயறு, முருங்கைக்கீரை ஆகியவை விலை உயர்ந்த பொருள்கள் அல்ல. பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தசோகை ஏற்பட்டு, விரைவில் களைப்புத் தோன்றும். உணவு உண்ணும்போதே தேநீர் பருகினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆதலால் தேநீரைச் சிறிது நேரம் கழித்துப் பருகுவது நன்று. ஆண்பிள்ளைக்கு ஒரு முட்டையும் பெண்பிள்ளைக்கு அரை முட்டையும் பங்கிடும் வழக்கம் எந்த வீட்டிலேனும் இருக்குமாயின் அது ஒழிய வேண்டும்.

குறையே நிறையாயிற்று

சில பிள்ளைகளின் உடற்கூற்றைக் கண்டு, இவள் விளையாட்டுக்கு ஏற்றவள் அல்லள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 22 பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் இருபதாவதாகப் பிறந்தவர் வில்மா ருடால்ஃப். தந்தையார் ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர்; தாயார் வீட்டு வேலை செய்தவர். இளம்பிள்ளை வாதத்தால் வில்மாவின் ஒரு கால் பாதிக்கப்பட்டது. தாயார் அவரைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். வீட்டிலிருந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு நாள்தோறும் அக்காலைப் பிடித்துவிட்டனர். அந்தக் கால்தான் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களுக்காக ஓடியது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறடிக்கும் மிக அதிகமான உயரமுடையவர். ஊரார் வேடிக்கை பார்க்கும் உயரம் அது. ஆனால் நம் பள்ளிகளிலும் ஆடப்படும் வலைப்பந்து ஆட்டத்தில் அவ்வுயரமே அவருக்குச் செல்வமாயிற்று. 2009-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் இலங்கை அணி ஆசியப் பட்டத்தை வெல்ல அவர் துணை நின்றார். 2019-ஆம் ஆண்டு லிவர்ப்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் போட்டு, எல்லா நாட்டு ஆட்டக்காரர்களுள்ளும் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 40. மிக நெட்டையாக இருக்கிறாளே என்று ஒரு பிள்ளையை வீட்டில் மறைத்து வைப்பதற்கு முன், அவளை ஒரு நல்ல பயிற்றுநரிடம் காட்டுவது அறிவுடைமையாகும்.

மணவாழ்வும் விளையாட்டும்

விளையாடும் பெண்ணுக்கு நல்ல இடத்தில் திருமணம் அமையாது என்னும் அச்சம் பெற்றோர் உள்ளத்தில் இருப்பதை நாம் அறிவோம். இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தில், வயலில் கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்த மேரி கோமின் தந்தையாருக்கும் இதே அச்சம் இருந்தது. மகள் குத்துச்சண்டை பயில்வதை, செய்தித்தாளில் அவருடைய படம் வெளிவந்த பின்னரே அவர் அறிந்தார். முகத்தில் அடிபட்டால் மணமகன் கிடைப்பானா என்று கவலையுற்றார். பின்னர் மனம் மாறி மகளுக்குத் துணை நின்றார்.

மேரி கோமுக்குத் திருமணமும் நடந்தது. 2007-ஆம் ஆண்டு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அதற்கு அடுத்த ஆண்டே அவர் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். கணவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதால்தான் அது கைகூடியது. மொத்தம் ஆறு உலகப் பட்டங்களையும், 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் அவர் பெற்றார். குழந்தையை ஏந்துவது தாயின் கடமை மட்டுமன்று, தந்தையின் கடமையுமாகும் என்னும் பாடமும் இதில் அடங்கியுள்ளது.

பலகை ஒன்றே போதும்

எல்லா விளையாட்டுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. நம் தோட்ட மன்றங்களில் கேரம் பலகை இல்லாத இடம் அரிது. அப்பலகையில் பயின்ற வடசென்னைப் பெண் காசிமா, 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நடைபெற்ற உலகப் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். கேரம் பலகையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே அமர வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை.

பெற்றோர் ஆற்ற வேண்டியவை

மேலே கண்ட வரலாறுகளைத் தொகுத்து நோக்கினால், நம் வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு என்பது புலனாகும்.

முதலாவது, நேரம். பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளைக்குச் சமையலும் துணி துவைத்தலும் தம்பி தங்கையரைப் பார்த்தலும் காத்திருக்கின்றன. அவ்வேலைகளை ஆண்பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால், வாரத்தில் மூன்று மாலைகள் பயிற்சிக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, உடை. அரைக்காற்சட்டை அணிய மனம் ஒப்பாவிடில் முழுக்காற்சட்டை அணிந்து பயிற்சி செய்யலாம். உடையைக் காரணமாகக் காட்டிப் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மாதவிலக்கு. அந்நாள்களில் ஓடக்கூடாது என்பது மருத்துவ உண்மையன்று. உடல் இடங்கொடுத்தால் பயிற்சி செய்யலாம். களைப்பாக இருந்தால் ஓய்வெடுக்கலாம். வலியோ இரத்தப்போக்கோ மிகுதியாயின் அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாட வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. பயிற்சி எங்கே, யாருடன், எத்தனை மணி வரை என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். சில குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பலாம். எவரேனும் தகாத முறையில் நடந்தால் அதை மறைக்காமல் கூறும்படி பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். அவள் கூறும்போது நம்புங்கள். உதவி தேவைப்பட்டால் 15999 என்னும் 'தாலியான் காசே' தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

நம் வட்டாரத்தில் உள்ள வாய்ப்புகள்

பள்ளிப் போட்டியில் வெல்லும் மாணவி மாவட்ட அளவிலும், அங்கு வென்றால் ஜொகூர் மாநில அளவிலும், அதன்பின் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம் நடத்தும் தேசியப் போட்டியிலும் கலந்துகொள்ளலாம். மாவட்டப் போட்டியோடு பிள்ளையை நிறுத்திவிடும் பெற்றோர், ஏணியின் முதற்படியிலேயே அவளை இறக்கிவிடுகின்றனர்.

விளையாட்டில் சிறந்த மாணவர்களுக்கென அரசாங்கம் தனிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. அவற்றுள் ஒன்று நம் ஜொகூரிலேயே, கோத்தா திங்கி மாவட்டத்துப் பண்டார் பெனாவாரில் இருக்கிறது. அதன் பெயர் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி. ஆறாம் ஆண்டில் பயிலும் மகளுக்குத் தனித்திறமை இருப்பதாகப் பள்ளி கூறுமாயின், தேர்வு எப்போது, எவ்வாறு விண்ணப்பிப்பது என்பதைத் தலைமையாசிரியரிடம் உடனே கேட்டறிய வேண்டும்.

பாசிர் கூடாங் இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரம். அங்கு அரங்கமும் திடல்களும் உள்ளன. தோட்டத் திடலில் புல் வளர்ந்து கிடந்தால், நிர்வாகியிடம் கூட்டாகச் சென்று கேட்டுச் சீர்செய்யலாம். தோட்டத்து விளையாட்டு மன்றங்கள் ஆண்டுதோறும் காற்பந்துப் போட்டி நடத்துவதோடு அமையாது, பெண்களுக்கென வலைப்பந்து, பூப்பந்து, ஓட்டப் போட்டிகளையும் நடத்த வேண்டும்.

எல்லாப் பெண்பிள்ளைகளும் ராஜாமணியாகவோ நிக்கோலாகவோ ஆகிவிட மாட்டார்கள். அவ்வாறு ஆக வேண்டும் என்பதும் இல்லை. திடலில் வளர்ந்த பெண்ணுக்கு உடல்நலமும், தோல்வியைத் தாங்கும் மனமும், நாலுபேர் முன் நிமிர்ந்து பேசும் துணிவும் வாய்க்கின்றன. அவை தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வாழ்நாள் முழுதும் அவளுக்கு உதவும். "வயது வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்று இனி எவரேனும் வினவினால், "ஓடத் தெரிந்தவளை நிறுத்துவது எதற்கு?" என்று நாம் திருப்பிக் கேட்போமாக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து ஏன் நீக்கப்பட்டது? அக்காரணம் நேர்மையானதா?

2. நம் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் பெற்றவர் யார்? அவர் எந்தத் தூரத்தை ஓடினார்?

3. வில்மா ருடால்ஃபின் குடும்பத்தார் அவருக்குச் செய்த உதவி யாது? அத்தகைய உதவியைச் செலவின்றி நம் வீட்டில் எவ்வாறு செய்யலாம்?

4. உங்கள் தோட்டத்தில் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் விளையாட்டைக் கைவிட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவரையேனும் மீண்டும் திடலுக்கு அழைத்து வர என்ன செய்யலாம்?